வரேன்னு சொல்லுடா

அத்தியாயம் 14

போன வாரம் லாவண்யாவைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் போன் சாப்பாட்டு மேஜை மேல், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடியே கிடக்கிறது. மாமியார் சாந்தகுமாரி மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தினேன். திட்டாதீர்கள், எனக்குக் கொடுத்த பக்கம் அவ்வளவுதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. லாவண்யாவின் புருஷன் அருண்குமார் செல்போன் டவர் வேலையாகத் தைவான் போயிருக்கிறான். தலைநகரத்தில் ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறான் என்று பெங்களூர் அல்சூர் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் அங்கே இல்லை. நடுக்கடலில், நம் வாயில் நுழையாத பேர் கொண்ட ஒரு குட்டித் தீவில் இருக்கிறான். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியுமாம்; அந்தக் கரைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் ஆகாதாம். "அம்மாகிட்ட சொல்லாத, தூங்க மாட்டாங்க" என்று பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். இப்போது அம்மா தூங்குகிறாள், பெண்டாட்டி தூங்குவதில்லை.

லாவண்யா வெளிநாட்டு சீரியல்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவள். கையில் இருப்பது ஒரு யுத்தக் கதை. தமிழில் 'கரைக்காவல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு தீவு, அதைக் காக்க நாற்பது சிப்பாய்கள், அதைப் பிடிக்கக் கடலை மறைத்துக்கொண்டு வரும் கப்பல்கள். வெள்ளிக்கு வெள்ளி ஒன்று வருகிறது, நாளையோடு முடிகிறது. சாந்தகுமாரி ஒரு வாரம் விட்டதில்லை. மருமகள் எழுதினது என்று பாதி, அதில் வருகிற சின்னச் சிப்பாய்ப் பையனுக்காகப் பாதி.

சரி, போனுக்கு வருவோம்.

திரையில் மகன் படம். அதன் கீழே ஒரு குரல் செய்தி. சாந்தகுமாரிக்கு ஒட்டுக்கேட்கிற புத்தி கிடையாது, நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். பிள்ளை குரலைக் கேட்டு இரண்டு நாளாகிறது, அவ்வளவுதான். விரலை வைத்தாள்.

"அம்மா... கேக்குதா? அவங்க கரைக்கு வந்துட்டாங்கம்மா. எவ்வளவு கப்பல்னு எண்ண முடியல. நாங்க கொஞ்ச பேர்தான் மிச்சம். பயப்படாதம்மா, நான் சாப்பிட்டேன். போறேன்ம்மா."

அவ்வளவுதான். அதற்குமேல் காற்றுச் சத்தம்.

சாந்தகுமாரிக்குக் கத்த வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதையே அவளும் செய்தாள். அந்தக் குரல் செய்தியை அப்படியே தூக்கி 'உறவுகள்' குரூப்பில் போட்டாள். யாராவது ஏதாவது செய்யட்டும் என்று. அப்புறம்தான் குரல் வந்தது.

"ஏங்க! ஏங்க, இங்க வாங்க! அருணு... நம்ம அருணு..."

ரங்கநாதன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். பி.டி.எஸ். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷர், எதற்கும் பதறாதவர். கேட்டார். மறுபடியும் கேட்டார். நுரை சட்டை மேல் ஒழுகினது அவருக்குத் தெரியவில்லை.

"நம்ம பையன்தான்" என்றார்.

ஈரத் தலையோடு லாவண்யா வந்து பார்த்தபோது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். போன் அவர்களுக்கு நடுவில் இருந்தது. அவளுக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது.

"அய்யோ, அத்தை! அது வசனம்! நான் எழுதின வசனம்!"

"என்னது?"

"கரைக்காவல் கடைசி எபிசோடு அத்தை. எழுதினது ஆம்பளை வாயில எப்படி வருதுன்னு பாக்க அவருக்கு அனுப்புவேன். அவர் பேசி அனுப்புவார். எப்பவும் அப்படித்தான். காலேஜ்ல டிராமா போட்டவர் இல்லையா, நெஜமாவே அழுது பேசிடுவார்."

ரங்கநாதன் ஒரு பெருமூச்சு விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாந்தகுமாரி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எப்ப அனுப்பினான் இதை?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்புறம் பேசினானா?"

செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் லாவண்யா அனுப்பினதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நேற்று ராத்திரி அனுப்பின 'ஒரு புள்ளியாவது வைங்க' உட்பட.

"வேலை ஜாஸ்தியா இருக்கும் அத்தை" என்றாள்.

"சரி. வசனம்னே வெச்சுக்குவோம். வாய் யாரோடது?"

"அத்தை..."

"வாய் என் பிள்ளையோடது. அந்த வாயால போறேன்னு சொல்லியிருக்கான். அம்மான்னு வேற கூப்பிட்டிருக்கான். அவன் அம்மான்னு கூப்பிட்டா அது எனக்குத்தானே?"

"சாந்தா, சும்னே இரு. விளையாட்டுக்குப் பேசினது" என்றார் ரங்கநாதன், பாதிக் கன்னடத்தில்.

"விளையாட்டா? பஸ் ஓட்டின காலத்துல நீங்க ஒரு நாள் போறேன்னு சொல்லியிருக்கீங்களா? தட்டைத் தூக்கி வீசிட்டுப் போன அன்னிக்குக்கூட வாசல்ல நின்னு 'வரேன்டி'ன்னு கத்திட்டுத்தானே போனீங்க!"

உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். செருப்பை மாட்டிக்கொண்டு 'போறேன்' என்று ஒரு குழந்தை சொன்னால் வீடே சேர்ந்து அதன் வாயைப் பொத்தும்.

பெங்களூரில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கஷ்டம். நம்மூர் பயம் போதாதென்று கன்னடத்துப் பயமும் கூடச் சேர்ந்துகொள்ளும். இங்கே அஸ்து தேவதைகள் என்று சொல்வார்கள். நம் தலைக்கு மேல் எந்நேரமும் போய்வந்துகொண்டிருப்பார்களாம். நாம் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்கிற நேரம் பார்த்து அவர்கள் தாண்டிப்போனால் 'அஸ்து' என்று விடுவார்களாம். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். விளையாட்டுக்குச் சொன்னாயா, வசனம் பேசினாயா என்றெல்லாம் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

"யாரும்மா எழுதினது அந்தப் போறேனை?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"நான்தான் அத்தை."

"தெரியாம எழுதிட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லாவண்யாவுக்குப் பொய் சொல்ல வராது என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு வாரமாக அதைத்தான் செய்கிறாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வரவில்லை.

"தெரிஞ்சுதான் எழுதினேன். அந்தப் பையன் திரும்ப வரமாட்டான் அத்தை. அதை அவன் அம்மாகிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியாது. நம்ம வீட்டுப் பிள்ளைங்க யாரும் போறேன்னு சொல்லமாட்டாங்க இல்லையா... இவன் சொன்னவுடனே அவளுக்குப் புரிஞ்சிடும்னு எழுதினேன்."

சாந்தகுமாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புரிஞ்சுது" என்றாள்.

அதற்குள் மேஜை மேலிருந்த இன்னொரு போன், சாந்தகுமாரியின் பழைய போன், அடிக்க ஆரம்பித்துவிட்டது. வேலூர் சின்னம்மா. அப்புறம் திருப்பத்தூர். குரூப் விழித்துக்கொண்டது.

"இன்னிக்குத்தானே ஸ்டுடியோல அதைப் பேசறாங்க?" சாந்தகுமாரி புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "மாத்து. நானும் வரேன். ஏங்க, வர்ற போனுக்கெல்லாம் நீங்க பதில் சொல்லுங்க. டிராமான்னு சொல்லுங்க."

அந்த அவசரத்திலும் அவள் 'நானும் வரேன்' என்றுதான் சொன்னாள், கவனித்தீர்களா?

ஆட்டோ ஏரிக்கரை தாண்டுவதற்குள் போன் நாலு தடவை அடித்துவிட்டது. கடைசியாக வந்தது தம்பி பாலசுப்ரமணியன், கே.ஜி.எஃப்பிலிருந்து.

"அக்கா! எம்பசிக்குப் பேசினியா?"

"அது டிராமாடா பாலு. சீரியல் வசனம்."

பாலசுப்ரமணியன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"புரியுதுக்கா. அப்படித்தான் வெளிய சொல்லணும்னு சொல்லியிருக்காங்களா? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

சாந்தகுமாரி போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவரும் நம்பவில்லை. குரல் அப்படி. பெற்றவளே நம்பினாள், மற்றவர்களை என்ன சொல்ல.

"குடுங்க அத்தை, சைலன்ட்ல போடறேன். ஸ்டுடியோல எப்படியும் போடச் சொல்லுவாங்க" என்று லாவண்யா அதை வாங்கிச் சத்தத்தை அடக்கி மாமியார் கைப்பைக்குள் போட்டாள். அன்றைக்கு அவள் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று நான் சொல்வேன். வசனத்தில் தப்பில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இறங்கிப் பணம் கொடுத்ததும் ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டே, "பர்தீனி அம்மா" என்றார்.

"பாத்தியா?" என்றாள் சாந்தகுமாரி. "யாரோ பெத்த பிள்ளை, நம்மகிட்ட வரேன்னு சொல்லிட்டுப் போறான். அதுவும் கன்னடத்துல. உனக்குத் தமிழ்ல எழுத வரலையா?"

லாவண்யா ஸ்டுடியோ கேட்டைத் திறந்தாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பயம் கிடந்தது. ஒற்றை டிக், ஒற்றை டிக், ஒற்றை டிக்.

ஸ்டுடியோ நடத்துகிற டென்சில் அந்தப் பழைய பங்களாவின் சமையலறையைத்தான் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார். முன்பு அடுப்பு இருந்த இடத்தில் இப்போது மைக். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து பொத்தான்களைத் திருகுவார். சாந்தகுமாரிக்கு ஒரு பிரம்பு நாற்காலி போட்டார்.

"வாங்க ஆன்ட்டி. எங்க சிப்பாய் இன்னும் வரல. விவேக் நகர்ல வியாழக்கிழமைன்னா குழந்தை இயேசு கோயில் கூட்டத்தைத் தாண்டி வரணுமே."

சிப்பாய்க்குக் குரல் கொடுக்கிற மைக்கேல்ராஜ் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். வந்ததும் டென்சில் காட்சியை ஓட்டிக் காட்டினார்.

திரையில் ஒரு பதுங்குகுழி. சேறு அப்பின முகத்தோடு அந்தச் சின்னப் பையன். கையில் போன். பின்னால் சைரன் ஊளையிடுகிறது. ஏறுகிறது, உச்சியில் ஒரு நொடி நிற்கிறது, இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. லாவண்யா இரண்டு வாரமாக அந்தச் சைரனோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். கனவில்கூட வருகிறது.

சாந்தகுமாரி காதைப் பொத்திக்கொண்டாள். "இதை நிறுத்துப்பா."

"சாரி ஆன்ட்டி. எஃபெக்ட்ஸை மூடிடறேன். நமக்கு வாய்ஸ் போதும்" என்று டென்சில் ஒரு பொத்தானை அழுத்தினார். சைரன் அடங்கியது. பையன் வாய் மட்டும் அசைந்தது.

மைக்கேல்ராஜ் உள்ளே போய் சிலுவை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றான். "பயப்படாதம்மா, நான் சாப்பிட்டேன்" என்றான். ஒரு நொடி விட்டு, மெதுவாக, "போறேன்ம்மா."

டென்சில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன லைன் மேடம்! ஒரே வார்த்தை. சென்னையில ஸ்கிரிப்ட் படிச்சவங்க எல்லாம் அழுதுட்டாங்களாம்."

"அந்த வார்த்தைதான் வேண்டாம்னு வந்திருக்கோம்" என்றாள் சாந்தகுமாரி.

விஷயத்தை லாவண்யா சொன்னாள். டென்சில் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"ஆன்ட்டி, உங்க பயம் புரியுது. ஆனா அந்தப் பையன் வாயைப் பாருங்க. க்ளோசப். உதடு ஒட்டித் திறக்குது. 'போ'ன்னா ஒட்டும். 'வ'ன்னா ஒட்டாது. வரேன்னு போட்டா ஊரே சிரிக்கும். அதோட, சாயங்காலத்துக்குள்ள நான் அனுப்பியாகணும்."

"நீ சொல்லும்மா" என்று சாந்தகுமாரி மருமகளைப் பார்த்தாள்.

லாவண்யா மேஜையைப் பார்த்தாள். எத்தனை சீரியல், எத்தனை ஆயிரம் வசனம். 'ஓடுங்க', 'சுடுங்க', 'அங்க பாருங்க' என்று எழுதி எழுதிக் கை தேய்ந்ததில் உருப்படியாக வந்தது இந்த ஒன்றுதான். அவளுக்கே அவள் மேல் மரியாதை வந்த வரி அது.

"டென்சில் சொல்றது சரிதான் அத்தை" என்றாள்.

அப்போது அவள் போன் அதிர்ந்தது. மாமா. அவள் நடைக்கு எழுந்து போனாள்.

"லாவண்யா, சாந்தா பக்கத்துல இருக்காளா?"

"உள்ள இருக்காங்க மாமா."

"டிவில காட்டறான்ம்மா. தைவான் பக்கத்துல ஏதோ குட்டித் தீவாம், அதைச் சுத்திக் கப்பலா நிக்குது. ஒத்திகைதான்னு ஒருத்தன் சொல்றான், அதெல்லாம் இல்லைன்னு இன்னொருத்தன் கத்தறான். அங்க நெட்டு கேபிள் வேற அறுந்துபோச்சாம்." அவர் அந்தப் பேரை எழுத்துக் கூட்டி, புது ரூட் போர்டைப் படிக்கிற மாதிரி படித்தார். "நம்ம பையன் இருக்கறது அங்க இல்லதானே?"

லாவண்யா சுவரில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பேரைத் திருத்தமாகச் சொல்ல அருண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பழகின பேர்.

"இல்ல மாமா. அவர் இருக்கற ஊர் வேற."

"வேறதானே?"

"வேற மாமா."

"சரிம்மா." அவர் உடனே வைக்கவில்லை. "சாந்தாகிட்ட சொல்லாத. நான் டிவியை நிறுத்திடறேன்."

நம்பினாரா, நம்பின மாதிரி நடித்தாரா, எனக்கே தெரியவில்லை. கேபிள் அறுந்தால் போன் போகாது, அதனால்தான் ஒற்றை டிக், வேறொன்றுமில்லை என்று லாவண்யாவின் புத்தி சொன்னது. நீதான் எழுதினாய், நீதான் அவனைச் சொல்லச் சொன்னாய் என்று வயிறு சொன்னது. கப்பல் என்று எழுதினாள், கப்பல் வந்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது ஒரு வார்த்தை. படித்தவள்தான், எம்.ஏ. தமிழ். அஸ்து தேவதை படிப்பைப் பார்க்குமா?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மாத்திடலாம் டென்சில்."

"மேடம்!"

"மாத்திடலாம். எப்படியாவது."

அவள் முகத்தைப் பார்த்த டென்சில் காட்சியை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கேல்ராஜ் கை தூக்கினான்.

"அக்கா, உதடு ஒட்டணும், அவ்வளவுதானே? 'ம்'முக்கும் ஒட்டுமே. அம்மாவை முன்னாடி போட்டுக்கறேன். 'ம்மா... வரேன்.' பொருந்துதா பாருங்க. எனக்கும் இதுதான்க்கா நிம்மதி. வியாழக்கிழமையும் அதுவுமா போறேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போக எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

எடுத்தார்கள். உதடு கச்சிதமாகப் பொருந்தியது. டென்சில் ஓட்டிக் காட்டினார்.

"பயப்படாதம்மா, நான் சாப்பிட்டேன். ம்மா... வரேன்."

எல்லாரும் சாந்தகுமாரியைப் பார்த்தார்கள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னமோ முக்குக் கடையில தயிர் வாங்கப் போறவன் மாதிரி இருக்கு."

"பாருங்க, ஆன்ட்டியே சொல்றாங்க!" என்று டென்சில் துள்ளினார்.

"நல்லா இல்லதான்ப்பா. அது இருந்துச்சே, அது நெஞ்சைப் பிடிச்சு உலுக்கிச்சு. அது எவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?" சாந்தகுமாரி மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இப்போதுதான் தொடுகிறாள். "நல்லா இல்லாமலே இருக்கட்டும். அதனால யாரும் சாகப்போறதில்ல."

"இதையே அனுப்பிடுங்க" என்றாள் லாவண்யா. அவளுடைய ஒரே நல்ல வரி போய்விட்டது. அதற்காக வருத்தப்படக்கூட அவளுக்கு அப்போது இடமில்லை.

"உங்க மாமாகிட்ட சொல்லிடறேன், பாவம்" என்று சாந்தகுமாரி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"எத்தனை பேர் அடிச்சிருக்காங்க பாரு. சின்னம்மா, பாலு, பாலு, திருப்பத்தூர்... இது என்ன, கூட்டல் குறி போட்டு இவ்வளவு நீளமா? ரெண்டு தடவை இருக்கு."

லாவண்யா எட்டிப் பார்த்தாள். கூட்டல் குறி, எட்டு, எட்டு, ஆறு.

"அத்தை, தைவான் நம்பர்! அவர்தான்!"

பெண்டாட்டி நம்பரை எந்தப் புருஷன் மனப்பாடம் பண்ணுகிறான்? யாரோ ஒருவருடைய போனை இரவல் வாங்கி அடித்தால் விரலுக்குத் தானாக வருவது பள்ளிக்கூட நாளில் உருப்போட்ட அம்மா நம்பர் ஒன்றுதான். அந்த நம்பர் காலையிலிருந்து வாயடைத்துப் பைக்குள் கிடந்திருக்கிறது.

திரும்ப அடித்தார்கள். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் கன்னடத்தில் சொன்னாள். மறுபடி அடித்தார்கள். மறுபடி அவளே. சாந்தகுமாரியின் முகம் வெளுத்துவிட்டது.

"என் பிள்ளை ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான். நான் தயிரு, மோருன்னு பேசிட்டு உக்காந்திருக்கேன்."

"திரும்ப அடிப்பார் அத்தை."

"அடிக்கலன்னா?"

போனை மேஜை மேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். மைக்கேல்ராஜ் வெளியே வந்து சுவரோரம் நின்றான், அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது. போன் அடித்தது. பாலசுப்ரமணியன்.

"வைடா போனை!" என்று சாந்தகுமாரி போட்ட போட்டில் டென்சில் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார்.

மறுபடி அடித்தது. கூட்டல் குறி.

லாவண்யா ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம், கிணற்றுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, "அம்மா? அம்மா, கேக்குதா?"

அதே வார்த்தை. லாவண்யாவுக்கு உடம்பு சில்லிட்டது. இது அவள் எழுதினதா, அவனாகச் சொல்கிறதா?

"அருணு! எங்கடா இருக்க? சாப்பிட்டியா?"

"நல்லா இருக்கேன்மா... இங்க நெட்டு இல்ல... டவர் ஆபீஸ் போன் இது, எல்லாரும் வரிசையில நிக்கறாங்க... லாவண்யாகிட்ட சொல்லு, நான்..."

குரல் துண்டு துண்டாக வந்தது. அதற்கு மேல் சைரன் வேறு ஏறிக்கொண்டு வந்து அவன் பேசுவதை விழுங்கியது. ஏறியது, உச்சியில் நின்றது, இறங்கியது. லாவண்யா எரிச்சலோடு டென்சிலைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் திருதிருவென்று விழித்தார்.

"...கூப்பிடறாங்கம்மா. வெச்சிட..."

"டேய், வரேன்னு சொல்லு!"

"என்னம்மா?"

"வரேன்னு சொல்லுடா! வரேன்னு சொல்லிட்டு வை!"

இரைச்சல். யாரோ தூரத்தில் வேற்று பாஷையில் கத்துகிறார்கள். நிறைய கால்கள் ஓடுகிற சத்தம்.

"வரேன்ம்மா" என்றான் அருண்குமார். தொடர்பு அறுந்தது.

சாந்தகுமாரி போனை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியா லாவண்யா? வரேன்னுட்டான். தெளிவா சொன்னான், கேட்டியா?"

"கேட்டேன் அத்தை."

"இரு, உங்க மாமா உயிரைக் கையில பிடிச்சிட்டு இருப்பாரு" என்று அவள் நம்பரை அழுத்திக்கொண்டே நடைக்குப் போனாள்.

லாவண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு டென்சில் பக்கம் திரும்பினாள்.

"அவர் பேசற நேரம் பாத்து அந்தச் சைரனைப் போடணுமா டென்சில்? பாதி கேக்கவே இல்ல."

டென்சில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக்கேல்ராஜைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"நான் எதையும் போடல மேடம்" என்றார். "எஃபெக்ட்ஸை நான் அப்பவே மூடிட்டேனே."

நடையில் சாந்தகுமாரி போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏங்க, வரேன்னு சொல்லிட்டான் அவன். என் காதால கேட்டேன். இனிமே பயமில்ல."